ஓய்வுபெற்ற அம்மா அப்பாவுக்கு வீடு வாங்கி அவர்களுக்கே வாடகைக்கு விடுவது: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மலைச்சரிவு வீடுகளில் தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் படிகளை இளமையில் யாரும் எண்ணுவதில்லை. என் பெற்றோரின் வீட்டில் அவை 28 என்பதை, அப்பாவுக்கு முழங்கால் அறுவை முடிந்து மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்த நாளில்தான் நான் அறிந்தேன். அடுத்த ஆண்டு, டர்பனுக்கு வடக்கேயுள்ள வெருலத்தில் படிகளே இல்லாத ஒரு சிறிய வீட்டை என் பெயரில் வாங்கி, எழுத்து மூலமான ஒப்பந்தத்துடன் அவர்களுக்கு வாடகைக்கு விட்டேன். பெற்றவர்களிடமே வாடகை வாங்குவதா என்று உறவினர் சிலர் மனம் வருந்திக் கேட்டார்கள். மகன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் தமக்கு வரக்கூடாது என்பதற்காக வாடகை தருவேன் என்று பிடிவாதமாக நின்றவர் அப்பாதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஒன்றரை ஆண்டில் வழக்கறிஞர், வங்கி, வரிக் கணக்காளர் ஆகியோரிடம் கேட்டுக் கற்றவற்றை வரிசையாக இங்கே எழுதுகிறேன். இதில் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு நான் இறந்துவிட்டாலோ, வேலை இழந்தாலோ, என் திருமணம் முறிந்தாலோ, இவர்கள் இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடியுமா? அன்புக்குச் சட்டத்தில் எடையில்லை என்பதால், இந்தக் கேள்விக்கான விடை முழுவதையும் காகிதத்தில்தான் தேட வேண்டும்.

முதல் படி: இந்த வழி உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

பிள்ளை வாங்கிப் பெற்றோர் வாடகைக்கு இருப்பது பல வழிகளில் ஒன்று மட்டுமே. உங்கள் வீட்டு வளவில் அவுட்பில்டிங் எனும் தனிச் சிறு கட்டடம் ஒன்றைக் கட்டி அவர்களை அழைத்துக்கொள்ளலாம். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை இதைத்தான் செய்துவந்திருக்கின்றன. முதியோர் குடியிருப்பு ஒன்றில் வாழ்நாள் உரிமை வாங்கலாம். 1988ஆம் ஆண்டின் 65ஆம் சட்டப்படி 50 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமான அத்தகைய குடியிருப்புகளில், வாங்குபவருக்கு வீடு சொந்தமாவதில்லை. வாழும்வரை இருக்கும் உரிமைதான் கிடைக்கிறது, இறந்தபின் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. அல்லது, பெற்றோரின் பழைய வீட்டை விற்று, அதே பணத்தில் அவர்கள் பெயரிலேயே சிறியதொரு வீட்டை வாங்கலாம்.

கடைசியாகச் சொன்ன வழி உங்கள் பெற்றோருக்குச் சாத்தியமென்றால், என் வழியைவிட அதுவே அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று தயக்கமின்றிச் சொல்வேன். பழைய வீட்டின் விலை புதிய வீட்டுக்குப் போதாதபோது, ஓய்வுக்குப் பின் வங்கி கடன் தராதபோது, அல்லது அவர்கள் காலமெல்லாம் வாடகை வீட்டிலேயே வாழ்ந்திருக்கும்போதுதான் பிள்ளை வாங்கி வாடகைக்கு விடுவது நியாயமான வழியாகிறது.

உடன்பிறந்தவர்களை இந்தக் கட்டத்திலேயே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். ஒருவர் கடன் கட்டுகிறார், மற்றவர் மருந்துச் செலவைப் பார்க்கிறார், மூன்றாமவர் ஆஸ்திரேலியாவிலிருந்து அவ்வப்போது அனுப்புகிறார் என்றிருந்தால், வீட்டில் யாருக்கு என்ன பங்கு என்பது பின்னால் கசப்பாகவே முடியும். இருவர் பெயரில் கூட்டாக வாங்கினால், அவர்களில் எவர் வேண்டுமானாலும் கூட்டுடைமையைப் பிரித்துத் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். பெற்றோர் உயிரோடிருக்கையில் அப்படிக் கேட்பதில்லை என்று எழுதி இருவரும் கையெழுத்திடாமல் கூட்டாக வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: பழைய வீட்டை விற்கும் முன் சாசாவையும் நகராட்சியையும் நினைத்துக்கொள்ளுங்கள்

பலர் தவறுவது இங்கேதான். சாசா எனும் அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழங்கும் முதியோர் உதவித்தொகை 60 வயதிலிருந்து கிடைக்கிறது, ஆனால் வருமானமும் சொத்தும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். தாம் வசிக்கும் சொந்த வீட்டை அந்தச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டை விற்றுப் பணத்தை வங்கியில் போட்ட மறுநாளிலிருந்து அந்தப் பணம் சொத்தாகவும், அதன் வட்டி வருமானமாகவும் எண்ணப்படும். ஆகவே, உதவித்தொகை பெற்றுவரும் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு வாடகைக்கு வருவதால் அந்தத் தொகையையே இழக்க நேரலாம். வரம்பின் அளவு ஆண்டுதோறும் மாறுவதால், விற்பனைக்குக் கையெழுத்திடும் முன் சாசா அலுவலகத்தில் அந்த ஆண்டின் எண்ணைக் கேட்டு, உங்கள் பெற்றோரின் கணக்கை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ரேட்ஸ் எனும் நகராட்சிச் சொத்து வரியில் கிடைக்கும் தள்ளுபடியும் இப்படித்தான். டர்பனின் ஈதெக்வினி உட்பட நகராட்சிகள் ஓய்வூதியருக்குத் தரும் தள்ளுபடி, பதிவுபெற்ற உரிமையாளராக இருந்து அந்த வீட்டிலேயே வசிக்கும் முதியவருக்கானது. வீடு உங்கள் பெயரிலும் அவர்கள் குடியிருப்பிலும் இருந்தால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். சாட்ஸ்வர்த்தில் அப்பா கட்டிவந்த ரேட்ஸை அப்படியே எடுத்துக்கொண்டு நான் வெருலம் வீட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தேன். முதல் பில் வந்தபோதுதான் என் தவறு தெரிந்தது.

விற்ற பணத்தைப் பெற்றோர் உங்களிடம் தந்து, அதை வீட்டு விலையில் போடச் சொல்லக்கூடும். அது நன்கொடையா, கடனா என்பதை அன்றே எழுதிவைக்க வேண்டும். நன்கொடை என்றால், ஆண்டுதோறும் விலக்களிக்கப்படும் தொகைக்கு மேற்பட்ட பகுதிக்கு 20 விழுக்காடு நன்கொடை வரி உண்டு, அதைத் தருபவரே கட்ட வேண்டும். கடன் என்றால், அவர்கள் தேவைப்பட்டபோது திரும்பக் கேட்கலாம். இரண்டில் கடனாக எழுதுவதையே நான் விரும்புவேன்: முதுமையில் பெரிய மருத்துவச் செலவு வரும்போது கேட்டு வாங்கும் உரிமை அவர்கள் கையில் இருக்கும். முதியோரின் பணத்தை அவர்கள் முழுமனதோடு சம்மதிக்காமல் எடுத்துக்கொள்வது 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி பொருளாதாரக் கொடுமை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரின் பழைய வீட்டையே நீங்கள் வாங்கி அவர்களை அதிலேயே வாடகைக்கு வைக்கும் எண்ணமிருந்தால், விலையைக் குறைத்து எழுதுவதால் பயனில்லை. வீட்டின் உரிமை மாறும்போது வாங்குபவர் கட்டும் மாற்று வரி, எழுதிய விலை சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் சந்தை மதிப்பின்மீதே கணக்கிடப்படும்.

மூன்றாம் படி: யார் பெயரில் வாங்குவது

பெரும்பாலோருக்குத் தம் சொந்தப் பெயரே சரி. டிரஸ்ட் பெயரில் வாங்கினால் வீடு உங்கள் கடன்காரர்களிடமிருந்தும் மணமுறிவிலிருந்தும் விலகி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் டிரஸ்டிடமே தங்கும் வருமானத்துக்கு 45 விழுக்காடு வரியும், விற்கும்போது லாபத்தில் 36 விழுக்காடு வரையும் போய்விடும். தனிநபருக்கு விற்பனை லாபத்தின்மீதான வரி 18 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஒற்றை வீட்டுக்காக டிரஸ்ட் தொடங்குவதை எனக்கு ஆலோசனை சொன்ன கணக்காளர் ஏற்கவில்லை, இன்று பார்க்கையில் அவர் சொன்னதே சரி.

நீங்கள் கூட்டுச் சொத்து முறையில் திருமணமானவர் என்றால், யார் பெயரில் வாங்கினாலும் வீட்டில் பாதி உங்கள் கணவருடையது அல்லது மனைவியுடையது. அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. உங்கள் பெற்றோர் அவருக்கு மாமியாரும் மாமனாரும் என்பதால், இந்தப் பேச்சைக் கையெழுத்திடும் நாளுக்குத் தள்ளிப்போடுவது எவருக்கும் நல்லதல்ல.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். கோயிலில் தாலி கட்டி, சிவில் பதிவு செய்யாமலே வாழ்ந்த தம்பதிகள் நம் முந்தைய தலைமுறையில் ஏராளம். உங்கள் பெற்றோரும் அப்படியிருந்தால், ஒருவர் இறந்தபின் மற்றவரின் நிலை உறுதியானதென்று தானாக எண்ணிவிடக் கூடாது. உயிலின்றி இறந்தவரின் சொத்தில், இந்து முறைப்படி மட்டும் மணந்த துணைக்கும் பங்குண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2009ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது பெரிய ஆறுதல்தான். ஆயினும் வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் வாடகைதாரர்களாக எழுதிவிட்டால் இந்த வழக்காடலுக்கே தேவை இருக்காது.

பெயர்களைப் பற்றி இன்னொன்று. 1860 முதல் கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோரின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால் ஒரே குடும்பத்தில் படையாச்சிக்கு மூன்று எழுத்துக்கூட்டலும் கவண்டருக்கு இரண்டும் இருப்பது நமக்குப் பழக்கமானது. அடையாள அட்டை, திருமணச் சான்று, பழைய பத்திரம் ஆகியவற்றில் பெயர் வேறுபட்டால் வழக்கறிஞர் பிரமாண வாக்குமூலம் கேட்பார். விற்பனை தொடங்கும் முன்பே அந்த ஆவணங்களை மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்த்தால் பல வாரத் தாமதம் மிச்சமாகும்.

நான்காம் படி: வாடகை கடனை ஈடுகட்டாது என்பதை ஒப்புக்கொண்டு கணக்குப் போடுங்கள்

11,50,000 ராண்ட் விலையுள்ள ஒரு வீட்டுக்கு நீங்கள் 1,50,000 ராண்ட் முன்பணமாகப் போட்டு, 10,00,000 ராண்டுக்குப் பாண்ட் எனும் வீட்டு அடமானக் கடன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 20 ஆண்டுத் தவணை, வட்டி 10.5 விழுக்காடு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 9,984 ராண்ட். ரேட்ஸும் கட்டடக் காப்பீடும் சேர்ந்து மாதம் 1,500 ராண்ட் என்று கொள்வோம். பெற்றோர் 7,500 ராண்ட் வாடகை தந்தால், மாதந்தோறும் சுமார் 3,984 ராண்ட் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். இதில் பழுதுபார்ப்புச் செலவு சேரவில்லை.

இங்கே பாண்ட் வட்டி பெரும்பாலும் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைம் விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. 2020 ஜூலையில் 7 விழுக்காடாக இருந்த பிரைம், 2023 மே மாதத்தில் 11.75 விழுக்காடானது. அந்த 7 விழுக்காட்டில் 10,00,000 ராண்ட் கடன் வாங்கியவர் கட்டிய 7,753 ராண்ட் தவணை, 11.75 விழுக்காட்டில் புதிதாகக் கடன் வாங்கியவருக்கு 10,837 ராண்டாக இருந்தது. பெற்றோரின் ஓய்வூதியம் அப்படி ஏறாது. ஆகையால் இன்றைய வட்டியைவிட 2 விழுக்காடு கூடினாலும், உங்களால் அவர்களிடம் வாடகையை உயர்த்தாமல் தாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்த வீடு உங்களுக்கு விலை கூடியது. சிறியதைத் தேடுங்கள், அல்லது முன்பணத்தைக் கூட்டும்வரை காத்திருங்கள்.

வாங்கும்போது ஒருமுறை வரும் செலவுகள் தனி. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள அட்டவணைப்படி 12,10,000 ராண்ட் வரையிலான விலைக்கு மாற்று வரி இல்லை; அதற்கு மேல் 16,63,800 வரையிலான பகுதிக்கு 3 விழுக்காடு. 14,00,000 ராண்ட் வீட்டுக்கு அது 5,700 ராண்ட்தான். ஆனால் பத்திர மாற்ற வழக்கறிஞரின் கட்டணம், பாண்டைப் பதியும் வழக்கறிஞரின் கட்டணம், பத்திர அலுவலகக் கட்டணம் என்று பல பத்தாயிரங்கள் வாங்குபவர் தலையில்தான் விழும். இவற்றைப் பாண்டில் சேர்க்கப் பெரும்பாலான வங்கிகள் விரும்புவதில்லை. கையில் ரொக்கமாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: 80 வயதை நினைத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள்

அம்மா அப்பா இன்று நன்றாக நடக்கிறார்கள் என்பதைப் பார்த்து வாங்காதீர்கள். குளியலறையில் சக்கர நாற்காலி திரும்புமா, கழிவறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்குமா, வாகனம் நிற்கும் இடத்திலிருந்து படுக்கையறை வரை ஒரு படியாவது இருக்கிறதா என்று அளக்கும் நாடாவுடன் போய்ப் பாருங்கள். சரிவான நிலமென்றால், மண்ணைத் தாங்கும் சுவரின் வெடிப்பையும் மழைநீர் போகும் வழியையும் கட்டாயம் கவனியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நாட்டாலில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சரிவுகளில் இருந்த எத்தனையோ வீடுகள் மண்ணோடு போயின. அதே வெள்ளத்தில் டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அவ்வூர் மக்கள் பல மாதங்கள் குழாயில் தண்ணீரின்றித் தவித்தார்கள். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆடம்பரமல்ல. அதன் விலையையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் போன்ற இடங்களில் நகராட்சி கட்டிய பழைய வீடுகளோடு, பின்னால் சேர்த்த அறைகளும் அவுட்பில்டிங்குகளும் இருக்கும். அவற்றுக்கு அனுமதி பெற்ற வரைபடம் இருக்கிறதா என்று நகராட்சியில் கேட்டுப் பாருங்கள். வரைபடமில்லாத பகுதியில் தீப்பற்றினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

அடுக்குமாடியோ காவலுள்ள கூட்டுக் குடியிருப்போ பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள், பாதுகாப்பு உண்மைதான். ஆனால் பொதுப் பராமரிப்புக்கான மாத லெவி உண்டு, திடீர்ச் சிறப்பு லெவியும் வரலாம். 2016 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, அத்தகைய குடியிருப்பின் உரிமையாளர் சங்கம் பராமரிப்புக்கான சேமிப்பு நிதியையும் 10 ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்தையும் வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டையும் கடந்த ஆண்டுக் கூட்டக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படிக்காமல் விலை பேச வேண்டாம். நடத்தை விதிகளையும் வரிவரியாகப் படியுங்கள். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச முற்றத்தில் அடுப்பு மூட்டலாமா, வாசலில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைக்கலாமா, பேரப்பிள்ளைகள் விடுமுறையில் வந்து தங்கலாமா என்பதெல்லாம் அந்த விதிகளில்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. காவடிக்கு நடந்தே போகும் தொலைவில் கோயில் இருப்பதும், மருத்துவமனைக்கு ஒரே வாகனத்தில் போய்விடலாம் என்பதும் இரண்டாவது குளியலறையைவிடப் பெறுமானமுள்ளவை என்பது என் முடிவு. எனக்குப் பிடித்த ஒரு வீட்டை இந்தக் காரணத்துக்காகவே அம்மா வேண்டாம் என்றார். அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று.

ஆறாம் படி: ஒப்பந்தத்திலிருந்து பத்திரப் பதிவு வரை

நிலம் விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இருதரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்பது 1981ஆம் ஆண்டின் 68ஆம் சட்டம். நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் விலைக்கோரிக்கையை விற்பவர் ஏற்றுக் கையெழுத்திட்டதும் அது உங்களைக் கட்டிவிடும். மனம் மாறிப் பின்வாங்க ஐந்து நாள் அவகாசம் என்பது 2,50,000 ராண்டுக்கு மேற்படாத விலைக்கு மட்டுமே. எனவே பாண்ட் கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் நிற்கும் என்ற நிபந்தனையும், அதற்கான கடைசி நாளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பெற்றோரின் பழைய வீடு விற்றால்தான் முன்பணம் வரும் என்றால் அதையும் நிபந்தனையாக எழுதுங்கள்.

2022 பிப்ரவரி 1 முதல், சொத்து முகவர் மூலம் விற்கும்போது வீட்டின் குறைகளைப் பற்றி விற்பவர் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் ஒப்பந்தத்தோடு இணைய வேண்டும். கூரை ஒழுகல், ஈரம், அனுமதியற்ற கட்டடம் எல்லாம் அதில் கேட்கப்பட்டிருக்கும். உள்ளது உள்ளபடி என்ற வாசகத்தோடு விற்கப்படும் வீட்டில், பின்னால் தெரியும் மறைந்த குறைக்கு விற்பவரைப் பிடிப்பது கடினம்; அவர் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அப்போது இந்தப் படிவமே உங்கள் கையிலுள்ள சாட்சி. அதோடு நின்றுவிடாமல் ஒரு கட்டட ஆய்வாளரையும் கூட்டிச் செல்லுங்கள்.

மின்சாரச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மின்வேலியும் சமையல் எரிவாயுக் குழாயும் இருந்தால் அவற்றுக்கும் சான்று வேண்டும். நம் கடற்கரைப் பகுதியில் மரவண்டுச் சான்றும் வழக்கத்தில் உண்டு. யார் செலவில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

பத்திர மாற்ற வழக்கறிஞரை விற்பவர்தான் நியமிப்பார், கட்டணம் உங்களுடையது. நகராட்சி பாக்கி தீர்ந்ததற்கான சான்று வந்தபின், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் பதிவு நடக்கும். எல்லாம் சேர்ந்து வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதற்கு முன்பே பெற்றோர் குடியேறினால் விற்பவருக்குக் குடியிருப்பு வாடகை தர நேரும். பழைய வீட்டின் பதிவும் புதியதன் பதிவும் ஒரே நாளில் நடக்குமாறு இரு வழக்கறிஞர்களையும் பேசவைத்துவிட்டால், நடுவில் முதியவர்கள் பெட்டிகளோடு உறவினர் வீட்டில் தங்கும் அலைச்சல் தவிரும்.

ஏழாம் படி: வாடகை ஒப்பந்தத்தை அந்நியருக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ரோமன்-டச்சு மரபிலிருந்து வந்த ஒரு கோட்பாடு உண்டு: குத்தகை விற்பனைக்கு முந்தியது. நீங்கள் வீட்டை யாருக்கு விற்றாலும், ஒப்பந்தக் காலம் முடியும்வரை உங்கள் பெற்றோரைப் புதிய உரிமையாளர் வெளியேற்ற முடியாது. வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும் என்றாலும், நீங்கள் இறந்தபின் அதை யார் நிரூபிப்பது? மகன் இருக்கச் சொன்னான் என்று 75 வயதில் அம்மா நீதிமன்றத்தில் நின்று சொல்லும் நிலையை ஏற்படுத்தாதீர்கள்.

1999ஆம் ஆண்டின் 50ஆம் சட்டப்படி ஒப்பந்தத்தில் இரு தரப்பின் பெயரும் முகவரியும், வீட்டின் விவரம், வாடகை, அது உயரும் விதம், முன்வைப்பு (டெபாசிட்) இருந்தால் அதன் தொகை, காலம், இருதரப்பின் கடமைகள், வாடகை தவிர்ந்த கட்டணங்கள் ஆகியவை இருக்க வேண்டும். முன்வைப்பு வாங்கினால் வட்டி தரும் கணக்கில் வைக்க வேண்டும். பெற்றோரிடம் அதை வாங்குவது கட்டாயமில்லை, நான் வாங்கவில்லை. குடியேறும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுதும்படி சட்டம் சொல்கிறது. நானும் அப்பாவும் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய்தோம். கூரை ஓட்டில் இருந்த வெடிப்பை அவர்தான் கண்டுபிடித்தார்.

காலத்தை எவ்வளவு வைப்பது என்பது நிதானமாக யோசிக்க வேண்டியது. பத்தாண்டோ அதற்கு மேலோ, அல்லது வாடகைதாரரின் ஆயுள்காலம் வரை என்றோ எழுதினால், 1969ஆம் ஆண்டின் 18ஆம் சட்டப்படி அது நீண்டகாலக் குத்தகை. அதைப் பத்திரத்தின்மீது பதிவு செய்தால்தான் முதல் பத்தாண்டுகளுக்குப் பிறகும் கடன்காரரையும் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் பதிவுக்கு வங்கியின் ஒத்துழைப்பு வேண்டும். அது கிடைக்காதவர்கள் ஒன்பது ஆண்டுகள் பதினோரு மாதங்களுக்கு எழுதி, முடியும் முன் புதுப்பிக்கலாம். அப்போது காலத்தைக் குறிப்பிட்ட தேதியில் முடியும்படி எழுதுங்கள், வாடகைதாரர் விருப்பப்படி மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம் என்ற வாசகத்தைச் சேர்க்காதீர்கள், அது நீண்டகாலக் குத்தகையாகிவிடும். பெற்றோரில் ஒருவர் இறந்தால் மற்றவர் அதே வாடகையில் தொடர்வார் என்றும், அவர்கள் முதியோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தால் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம் என்றும் எழுதுங்கள். பாண்ட் குத்தகைக்கு முன்பே பதிவானதால், நீங்கள் தவணை கட்டத் தவறினால் வங்கியின் உரிமை இந்த ஒப்பந்தத்துக்கு முந்தி நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் நான்காம் படியில் கணக்கைக் கடுமையாகப் போடச் சொன்னேன்.

வாடகை மாதந்தோறும் வங்கி வழியாகவே வரட்டும். ரொக்கமாக வாங்கினால் தேதியிட்ட ரசீது கொடுங்கள். மின்சாரத்துக்கு முன்கட்டண மீட்டர் இருந்தால் அவர்கள் செலவு அவர்கள் கையில் இருக்கும். உங்கள் பெயரில் வரும் தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும், கீசர் வெடித்தால் எவ்வளவு நாளில் நீங்கள் சரிசெய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பெற்றோர் கூச்சப்பட்டுப் பழுதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே போய்ப் பார்ப்பதை ஒப்பந்தத்திலேயே கடமையாக்குங்கள்.

எட்டாம் படி: வரியில் இது சாதாரண வாடகை வீடு அல்ல

வாடகை உங்கள் வருமானம். வரித்துறையான சார்ஸுக்கு அறிவிக்க வேண்டும். அதிலிருந்து பாண்டின் வட்டி, ரேட்ஸ், லெவி, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்கலாம். கடனின் அசலையும் புதிய அறை கட்டும் செலவையும் கழிக்க முடியாது. நான்காம் படியின் எடுத்துக்காட்டில், முதல் ஆண்டு வட்டி சுமார் 1,04,000 ராண்ட், ரேட்ஸும் காப்பீடும் 18,000, வாடகை 90,000. ஆகவே ஏறத்தாழ 32,000 ராண்ட் நட்டம் காட்டும். இந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழித்து வரியைத் திரும்பப் பெறலாம் என்று பலர் எண்ணுகிறார்கள்.

வருமானவரிச் சட்டத்தின் 20ஏ பிரிவு இங்கே குறுக்கே நிற்கிறது. வசிப்பிடத்தின் 80 விழுக்காடாவது ஆண்டில் பாதிக்காலமேனும் உறவினரல்லாதவர் பயன்பாட்டில் இல்லாவிட்டால், அந்த வாடகைத் தொழிலை அது ஐயத்துக்குரிய தொழில்களின் பட்டியலில் வைக்கிறது. 45 விழுக்காடு என்ற உச்ச வரி அடுக்கிலுள்ள ஒருவர் பெற்றோருக்கு வாடகைக்கு விட்டு நட்டம் காட்டினால், நியாயமான காலத்துக்குள் லாபம் வரும் என்று நிறுவினாலன்றி, அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. நட்டம் அழிந்துபோவதில்லை, அதே வாடகைத் தொழிலின் பிற்கால லாபத்தில் கழிக்கச் சேர்த்துவைக்கப்படும். உச்ச அடுக்குக்குக் கீழே இருப்பவருக்கு இப்பிரிவு பொருந்தாது. ஆனாலும் வாடகை சந்தை அளவைவிட மிகக் குறைவாக இருந்தால், இது தொழிலே அல்ல, குடும்ப உதவி என்று சார்ஸ் கழிவுகளை மறுக்கக்கூடும். அதே தெருவில் ஒத்த வீடுகளின் வாடகை விளம்பரங்களை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துக் கோப்பில் வையுங்கள். பெற்றோரால் அந்த அளவு தர முடியாதென்றால், குறைவாகவே வாங்குங்கள். கழிவை எதிர்பார்த்து அவர்கள் ஓய்வூதியத்தைக் கரைப்பதில் நியாயமில்லை.

சம்பளத்துக்கு அப்பால் உங்களுக்கு வாடகை, வட்டி போன்ற வருமானம் மட்டுமே இருந்து, வரிக்குரிய அளவு 30,000 ராண்டைத் தாண்டினால், ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் வெளிநாட்டில் வசித்தாலும் வீடு இங்கே இருப்பதால் இந்த வாடகைக்கு இங்கே வரி உண்டு. விற்கும்போது, சொந்த வசிப்பிடத்துக்கான விலக்கு உங்களுக்குக் கிடைக்காது, ஏனெனில் அங்கே வசித்தவர் நீங்கள் அல்ல. வாங்கியபோது கட்டிய மாற்று வரி, வழக்கறிஞர் கட்டணம், பின்னால் செய்த மேம்பாடு ஆகியவற்றின் ரசீதுகள் அன்று லாபத்தைக் குறைக்க உதவும். அவற்றை விற்கும் நாள்வரை பத்திரப்படுத்துங்கள்.

ஒன்பதாம் படி: உயிலும் காப்பீடும்

நீங்கள் உயிலின்றி இறந்தால், 1987ஆம் ஆண்டின் 81ஆம் சட்டப்படி வீடு உங்கள் துணைக்கும் பிள்ளைகளுக்கும் போகும். துணையும் பிள்ளைகளும் இருக்கும்போது பெற்றோருக்கு எதுவும் இல்லை. அவர்களிடம் மிஞ்சுவது வாடகை ஒப்பந்தம் மட்டுமே. உயிலில் வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, பெற்றோருக்கு வாழ்நாள் வசிப்பு உரிமையை எழுதலாம். அவர்கள் காலத்துக்குப் பின் உரிமை முழுவதும் பிள்ளைகளிடம் சேரும். பாண்ட் பாக்கியிருந்தால் வங்கி முதலில் வரும் என்பதால், பாண்டின் அளவுக்கு உங்கள் உயிர்மீது காப்பீடு எடுத்து, அது பாண்டை அடைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். இந்த இரண்டும் கையெழுத்தாகும்வரை நான் அவர்களைக் குடியேற்றவில்லை.

கட்டடக் காப்பீடு உங்கள் பெயரில், உள்ளிருக்கும் பொருட்களின் காப்பீடு பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். அம்மாவின் நகைகள் உங்கள் கட்டடக் காப்பீட்டில் அடங்காது. 2021 ஜூலைக் கலவரத்தை நேரில் கண்ட நமக்கு, கலவரச் சேதத்துக்கான சாஸ்ரியா காப்பீடு இரண்டு பாலிசிகளிலும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லத் தேவையில்லை.

வாடகை ஒப்பந்தம், உயிலின் நகல், காப்பீட்டு எண்கள், வழக்கறிஞரின் தொலைபேசி எண், நகராட்சிக் கணக்கு ஆகியவற்றின் ஒரு தொகுப்பு உங்களிடமும், இன்னொன்று பெற்றோரிடமும், மூன்றாவது உடன்பிறந்தவர் ஒருவரிடமும் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்தக் கோப்பு, அம்மாவின் குத்துவிளக்கு இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் வாடகையைத் திரும்பப் பார்க்கும் மார்ச் மாதத்தில், அப்பா அதை எடுத்து மேசையில் வைத்து, எந்தப் பாலிசி எப்போது முடிகிறது என்று என்னிடம் கேட்பார்.